சொந்த ஓவியத்தைக் கொடுத்தால் 80ஜி உண்டா?

கேள்வி: தஞ்சாவூர் ஓவியம் வரைந்து விற்பது என் தொழில். கும்பகோணத்துக் கல்வி அறக்கட்டளை ஒன்றுக்கு ஒரு வெண்ணெய்க் கிருஷ்ணர் படத்தை நன்கொடையாகக் கொடுத்தேன். மதிப்பு 40,000 ரூபாய் என்று போட்டு, நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு தரும் 80ஜி பிரிவின் ரசீது தந்தார்கள். கழிவு கிடைக்குமா? அவர்களுக்கே விற்று, பணத்தைத் திருப்பிக் கொடுத்தால்? அமெரிக்காவில் என் அண்ணன் மகன் ஒரு படத்தை மியூசியத்துக்குக் கொடுத்து முழு மதிப்பையும் கழித்திருக்கிறானே!
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: கிடைக்காது. பணமாகக் கொடுத்தால்தான் 80ஜி என்று சட்டத்திலேயே தெளிவாக இருக்கிறது. அறக்கட்டளை தான் பெற்ற நன்கொடைகளைப் பற்றி வருமான வரித் துறைக்கு மே 31-க்குள் தாக்கல் செய்யும் 10பிடி படிவத்தில், நன்கொடை பணமா பொருளா என்று குறிக்க வேண்டும். பொருளைப் பணம் என்று மாற்றிப் போடச் சொல்லாதீர்கள். மாட்டினால் ஏய்த்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம்.

விற்றுத் திருப்பிக் கொடுப்பது கைநஷ்டம். பலகை, தங்கரேக்கு, கல் எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய் அடக்கம் என்று வைத்துக்கொள்வோம். 40,000-க்கு விற்றால் 31,000 லாபம் வருமானத்தில் ஏறும். அந்த 40,000-ஐக் காசோலையாகக் கொடுத்தாலும் பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குப் பாதிதான், அதாவது 20,000 தான் கழியும். மீதி 11,000-க்கு வரி கட்ட வேண்டும். ரொக்கமாக 2,000-க்கு மேல் கொடுத்தால் கழிவே இல்லை. புதிய வரி முறையில் இருப்பவருக்கு 80ஜியே கிடையாது, 31,000-க்கும் வரிதான்.

படமாகவே கொடுத்துவிட்டால் வராத லாபத்துக்கு வரி கேட்க முடியாது. கடைச் சரக்கை அறக்கட்டளைக்கு எடுத்துக் கொடுத்தால் அடக்க விலைக்குக் கணக்கு வைத்தால் போதும் என்று கிக்காபாய் பிரேம்சந்த் வழக்கில் 1953-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அந்த 9,000-ஐத் தொழில் செலவாகக் காட்டாமல் நீக்கிவிட வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். 44ஏடி பிரிவின்படி, செலவுக் கணக்கு காட்டாமல் விற்பனையில் குறிப்பிட்ட சதவீதத்தை லாபமாகக் காட்டுபவருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஜிஎஸ்டி பதிவு இருந்தால், அந்தப் பொருட்களை வாங்கும்போது கட்டி, வரவு எடுத்துக்கொண்ட உள்ளீட்டு வரியையும் திருப்ப வேண்டும்.

அண்ணன் மகன் படத்தை விலைக்கு வாங்கியவராக இருப்பார். வரைந்தவரே கொடுத்தால் அங்கேயும் 1969 சட்டத்துக்குப் பிறகு பொருள் செலவு மட்டும்தான் கழியும்.

அறக்கட்டளையிடம் படத்தின் பெயர், அளவு, தேதி போட்டு, தொகை போடாத ஏற்புக் கடிதம் ஒன்று வாங்கி வையுங்கள். படம் கைமாறினாலும் பதிப்புரிமை உங்களுடையதுதான். நாளை அவர்கள் அதைக் காலண்டரில் அச்சிட விரும்பினால் உங்களிடம் அனுமதி வாங்க வேண்டும்.