புட்டினுக்குப் பிடியாணை போட முடிந்தது, இலங்கையில் ஏன் ஒருவருக்கும் போடவில்லை?

கேட்டவர் கனடாவிலோ லண்டனிலோ வளர்ந்த பிள்ளை என்று நினைக்கிறேன். "ஜெனீவா ஜெனீவா என்று கத்தாமல் ஹேக்கில் வழக்குப் போட வேண்டியதுதானே" என்றும் எழுதியிருக்கிறீர்கள். தம்பி, ஜெனீவாவில் இருப்பது ஐ.நா. மனித உரிமைப் பேரவை, ஹேக்கில் இருப்பது சர்வதேச குற்றவியல் நீதிமன்றம். அந்த நீதிமன்றத்தில் நாங்கள் போய் வழக்குப் போட முடியாது.

2023 மார்ச்சில் புட்டினுக்கு வந்த பிடியாணை உக்ரேன் பிள்ளைகளைச் சட்டவிரோதமாக ரஷ்யாவுக்குக் கொண்டுபோன குற்றத்துக்கு. படையெடுத்த குற்றத்துக்கு அல்ல. அது வேறு குற்றம், ஒரு நாடு இன்னொரு நாட்டின் மேல் செய்வது. அதில் உறுப்பு நாடல்லாத ரஷ்யாவின் தலைவர்களைச் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் தொட முடியாது என்பதால்தான், 2025 இல் உக்ரேனும் ஐரோப்பியப் பேரவையும் தனித் தீர்ப்பாயத்துக்கு ஒப்பந்தம் செய்தன. எங்களுடையது உள்நாட்டுப் போர். இங்கே பேச வேண்டியது போர்க்குற்றமும் மானுடத்துக்கு எதிரான குற்றமும். உக்ரேன் அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்றது. அந்த நீதிமன்றத்தை உருவாக்கிய ஒப்பந்தமான ரோம் சட்டத்தில் இலங்கை கையெழுத்தே வைக்கவில்லை. மிச்சமுள்ள வழி ஐ.நா. பாதுகாப்புச் சபை. 2005 இல் சூடானின் டார்பூரையும் 2011 இல் லிபியாவையும் அந்த நீதிமன்றத்துக்கு அதுதான் அனுப்பியது. எங்களை அனுப்ப விடுவார்களா? சீனாவும் ரஷ்யாவும் வீட்டோவோடு இருக்கின்றன.

நான் சட்டத்தரணி இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு சமாதான நீதவான், சத்தியக்கடதாசிகளை உறுதிப்படுத்திச் சீல் குத்துகிறவன். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாருக்குச் சத்தியக்கடதாசி எழுதிக் கொடுத்துக் கை மரத்துப்போன ஆள், அதனால்தான் உங்கள் கேள்வி சுட்டது. எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா, 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், முல்லைத்தீவின் வட்டுவாகலில் மகனைத் தன் கையாலேயே இராணுவத்திடம் ஒப்படைத்தவர். காணாமல் போனோரை விசாரிக்கப் புது ஆணைக்குழு வரும்போதெல்லாம் புதுக் கடதாசி. மகன் எப்படிப் படிப்பான், என்ன கறி விருப்பம் என்றுதான் அவர் சொல்லுவார். நான் இடம், திகதி, யார் பெயர் பதிந்தது, எந்த வாகனம் என்று குடைவேன். ஒரு அமர்வில் மகனைப் பற்றிக் கேட்க முதலே, கோழி வளர்க்க உதவி வேண்டுமா என்று கேட்டார்களாம். "உக்ரேன்காரருக்கு மட்டும்தானோ தம்பி கோர்ட்டு?" என்று என்னிடம் கேட்டார். நான் என்னத்தைச் சொல்ல?

இதைப் படித்துவிட்டு "புலிகள் செய்ததை ஏன் சொல்லவில்லை" என்று ஒருவர் வருவார். 2015 ஐ.நா. விசாரணை அறிக்கை இரு தரப்பின் மீறல்களையும்தான் எழுதியது. நானும் சத்தியக்கடதாசிகளில் இரண்டையும் எழுதியிருக்கிறேன். இன்னொருவர் ஆதாரம் இருந்தால் உள்நாட்டிலேயே நீதி கிடைக்கும் என்பார். யாழ்ப்பாணத்து மிருசுவிலைப் பாருங்கள். 2000 டிசம்பரில் அங்கே எட்டுப் பேரை இராணுவத்தினர் கொன்றார்கள், பிள்ளைகளும் அதில். தப்பி வந்த ஒருவரின் சாட்சியம் இருந்தது, புதைத்த இடம் இருந்தது. சாதாரணக் கொலை வழக்காகவே நடந்து, 2015 இல் ஒரேயொரு இராணுவச் சார்ஜனுக்கு மரண தண்டனை. 2019 இல் உயர் நீதிமன்றமும் உறுதிசெய்தது. 2020 மார்ச்சில், நாடு கொரோனா ஊரடங்கில் இருக்க, ஜனாதிபதி கோட்டாபய மன்னிப்புக் கொடுத்து வெளியே விட்டார். அதில் எந்த ஆதாரம் குறைந்தது?

   

சரி. நீங்கள் வெளிநாட்டில் இருந்தால் உங்கள் பக்கம்தான் வேலை இருக்கிறது. 2022 ஜனவரியில் ஜெர்மனியின் கொப்ளென்ஸ் நீதிமன்றம், அங்கே வந்து குடியேறியிருந்த சிரியப் புலனாய்வு அதிகாரி ஒருவருக்கு சிரியாவில் செய்த குற்றங்களுக்காக ஆயுள் தண்டனை கொடுத்தது. சாட்சி சொன்னவர்களில் பலர் அகதிகளாக ஐரோப்பாவுக்கு வந்த சிரியர்கள். எங்கள் பக்கம் கண்ணால் கண்டவர்கள் எத்தனை பேர் உங்கள் ஊர்களில் இருக்கிறார்கள்! வயது போகிறது. சொல்லச் சொல்லித் திகதியோடு எழுதி, பிரதி எடுத்து வையுங்கள். 2021 ஜெனீவாத் தீர்மானத்தோடு ஐ.நா. மனித உரிமை ஆணையாளர் அலுவலகம் ஆதாரம் சேர்க்கிறது, அங்கேயும் அனுப்பலாம். உங்கள் நாட்டுச் சட்டம் எதுவரை இடம் கொடுக்கும் என்பதை அங்குள்ள சட்டத்தரணியிடம் கேளுங்கள், என்னால் சீல்தான் குத்த முடியும்.