தடை நீங்கியும் வங்கி ஏன் தயங்குகிறது?

கேள்வி: சிரியாவுக்குத் தேயிலை அனுப்பும் நிறுவனத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். ஜனாதிபதி அசாத் போய்விட்டார், அமெரிக்கத் தடையும் எடுத்தாயிற்று என்கிறார்கள். எங்கள் வங்கியோ சிரியா என்றாலே பத்திரங்களைத் திருப்பிவிடுகிறது. ஏன்?
– வாசகி, உவர்மலை

பதில்: தடை நீங்கியது உண்மைதான். 2024 டிசம்பர் 8இல் அசாத் ஆட்சி விழுந்தது. ட்ரம்ப் 2025 ஜூன் 30இல் ஒப்பமிட்ட உத்தரவு சிரியா மீதான அமெரிக்கத் தடைத்திட்டத்தை முடித்து, 518 பெயர்களைத் தடைப்பட்டியலிலிருந்து நீக்கியது. அசாத்தும் கூட்டாளிகளும், கப்டகன் போதைமாத்திரைக் கடத்தல்காரரும் நீக்கப்படவில்லை. வங்கியின் பயம் அங்கேதான்.

2014இல் பிரான்சின் பிஎன்பி பரிபா வங்கி, சூடான், ஈரான், கியூபா கொடுக்கல்வாங்கல்களுக்காக அமெரிக்காவுக்கு 8.9 பில்லியன் டொலர் கட்ட நேர்ந்தது. உங்களுக்கு வரும் டொலரும் பெரும்பாலும் நியூயோர்க்கில் ஓர் இடைவங்கியைக் கடந்துதான் வரும். லடாக்கியா என்ற துறைமுகப் பெயரைக் கண்டதும் அங்குள்ள கணினி மறித்துவிடும். பிறகு ஓர் ஆள் இருந்து பத்திரங்களைப் பார்க்க வேண்டும். ஒரு கொள்கலன் தேயிலையில் வங்கிக்குக் கிடைக்கும் தரகு அந்த வேலைக்கே காணாது.

ஆகவே அந்த வேலையை நீங்களே முடித்துக் கொடுங்கள். வாங்குபவரின் பதிவுச் சான்றிதழ், உரிமையாளர் ஒவ்வொருவரின் பெயர், பிறந்த திகதி, பங்கு வீதம், கப்பலின் பெயர், அதன் ஐஎம்ஓ இலக்கம் (கப்பலின் நிரந்தர அடையாள எண்) எல்லாவற்றையும் சரக்கு ஏற்றுமுன் எடுங்கள். அமெரிக்கத் திறைசேரியின் பட்டியலில் தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலோடு நின்றுவிடாதீர்கள். ஒரே அரபுப் பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதுவார்கள். பிறந்த திகதிதான் ஆளைக் காட்டித்தரும்.

பலர் சறுக்குவது பங்குக் கணக்கில். பட்டியலிலுள்ள ஒருவருக்கு 30 வீதம், இன்னொருவருக்கு 25 வீதம் என்றால் கூட்டினால் 55. பாதியைத் தொட்டாலே அந்த நிறுவனமும் தடைக்குட்பட்டதுதான், அதன் பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும். எல்லாம் சரியென்றால் வங்கியின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். அதற்குப் பிறகு ஏற்றலாம். ஐரோப்பிய ஒன்றியமும் 2025 மே மாதத்தில் பொருளாதாரத் தடைகளை எடுத்துவிட்டதால், எல்.சி.யை (வாங்குபவரின் வங்கி தரும் கடனுறுதிக் கடிதத்தை) யூரோவில் திறக்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: புதிதாக வந்தவர்களும் ஆயுதம் தூக்கியவர்கள்தானே. கொஞ்சக் காலம் பொறுத்துப் பார்த்துத் தடையை எடுத்திருக்கலாமே?
– வாசகர், சீனன்குடா

பதில்: நியாயமான பயம். ஆனால் பொறுத்துப் பார்ப்பதன் விலையை அந்த நாட்டுச் சனம்தான் கொடுக்கிறது. அசாத் அரசோடு கொடுக்கல்வாங்கல் செய்வோரைத் தண்டிக்கும் அமெரிக்கச் சட்டமான சீசர் சட்டத்துக்கு 2025 மே மாதத்தில் 180 நாள் விலக்கு கொடுத்தார்கள். மின்நிலையம் கட்ட ஆண்டுகள் எடுக்கும். 180 நாள் அனுமதியை நம்பி யார் பணம் போடுவார்? அந்தச் சட்டத்தை 2025 டிசம்பரில் அடியோடு நீக்கியது சரியான முடிவு.

சூடானைப் பாருங்கள். 2019 ஏப்ரலில் அதன் ஜனாதிபதி பஷீர் விழுந்தார். பயங்கரவாதத்துக்கு ஆதரவளிக்கும் நாடுகளின் பட்டியலிலிருந்து சூடானை அமெரிக்கா எடுத்ததோ 2020 டிசம்பரில். கடன் நிவாரணம் அதுவரை காத்துக் கிடந்தது. மக்கள் பொறுமை இழந்திருந்த வேளையில், 2021 ஒக்டோபரில் இராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தது. தாமதம் மட்டுமே காரணமல்ல; ஆனாலும் பெரிய காரணம்.

மியன்மாரில் தவறு மறுபக்கம். 2016 ஒக்டோபரில் அமெரிக்கா பொதுத் தடையை எடுத்தபோது இராணுவ வணிகக் குழுமங்களையும் சேர்த்தே விடுவித்தது. 2021 பெப்ரவரியில் சதிப்புரட்சி நடந்தது. மார்ச்சில் அதே குழுமங்கள் மீது திரும்பத் தடை போட்டார்கள். வங்கி, மின்சாரம், எரிபொருள், துறைமுகம் ஆகியவற்றைப் பிடித்திருக்கும் தடையை உடனே விடவேண்டும். கொலைக்கும் கொள்ளைக்கும் பொறுப்பானவர்களின் பெயர்கள் மட்டும் பட்டியலில் கிடக்கட்டும். புதிய அரசும் கொலைக்கு இறங்கினால், பொறுப்பானவர்களின் பெயரைச் சேர்க்க அதே பட்டியல் போதும்.

கேள்வி: ஈரானுடன் செய்ததுபோல் சிரியாவுடனும் பண்டமாற்றுச் செய்யலாமா?
– வாசகர், மூதூர்

பதில்: தேவையில்லை. 2021 டிசம்பர் உடன்பாடு, ஈரானுக்கு இலங்கை தரவேண்டிய சுமார் 250 மில்லியன் டொலர் எண்ணெய்க் கடனை மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலையால் தீர்ப்பதற்கு. டொலர் வழி அடைபட்டிருந்ததால் எடுத்த சுற்றுவழி அது. சிரியாவுக்கு இப்போது நேர்வழி திறந்திருக்கிறது. முதல் ஏற்றுமதியை ஒரே கொள்கலனோடு நிறுத்தி, பணம் கைக்கு வந்த பிறகு அடுத்ததை அனுப்புங்கள்.