கீபோர்டில் சில கட்டைகள் மட்டும் சத்தமாகவும் சில மெதுவாகவும் கேட்கின்றன. புதுசு வாங்கத்தான் வேண்டுமா?

வேண்டாம். உங்களிடம் வாரண்டி முடிந்துபோன 61 கட்டை கீபோர்டு இருக்கிறது, "நீ அமுக்குற லட்சணம் அப்படி" என்று யாரோ ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். எனக்கு அதுதான் நடந்தது.

தூத்துக்குடியில் எங்கள் கிறிஸ்தவக் கோவில் பாடகர் குழுவுக்கு நான்தான் கீபோர்டு. நடுவில் இருக்கிற எஃப் கட்டை திடீரென்று இடி மாதிரி விழ ஆரம்பித்தது. எஃப் மேஜரில் பாமாலை வாசித்தால் கேட்கவே வேண்டாம், வரி முடிகிற இடத்திலெல்லாம் அதுதான் வந்து நிற்கும். பாட்டு நடத்துகிற அண்ணாச்சி ஆராதனை முடிந்ததும் எல்லார் முன்னாலும், "தம்பி, கைய கொஞ்சம் அடக்கி வாசிப்பா, இங்க என்ன கச்சேரியா நடக்கு?" என்றார். பத்து விரலில் ஒரு விரல் மட்டும், அதுவும் ஒரே கட்டையில் மட்டும், எப்படி அடங்காமல் போகும் என்று அவர் யோசிக்கவில்லை.

வீட்டில் டிரான்ஸ்போஸை, அதாவது எல்லாக் கட்டைகளின் சுரத்தையும் சேர்த்து ஏற்றி இறக்கும் வசதியை, ஒன்று ஏற்றிப் பார்த்தேன். இப்போது எஃப் சுரம் பக்கத்து ஈ கட்டையில் வரும். வந்தது, அடக்கமாகவே வந்தது. கத்தியது அந்தப் பழைய கட்டைதான், சுரம் எஃப் ஷார்ப்பாக மாறியும்கூட. ஆக ஸ்பீக்கரும் குற்றவாளி இல்லை, கோவில் சுவரின் எதிரொலியும் இல்லை. அமுக்குவதற்கு ஏற்பச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற டச் ரெஸ்பான்ஸை 'ஃபிக்ஸட்'டில் (எப்படி அமுக்கினாலும் ஒரே சத்தம்) வைத்ததும் எல்லாக் கட்டையும் ஒரே அளவில் கேட்டன. ஆக, கோளாறு அமுக்குவதை அளக்கிற இடத்தில்தான். பிறகு யூஎஸ்பி ஒயரை லேப்டாப்பில் சொருகி மிடி-ஆக்ஸ் என்ற இலவச மென்பொருளில் பார்த்தேன். மிடியில், அதாவது கீபோர்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் முறையில், கட்டையை அமுக்கும் வேகத்தின் அளவு 1 முதல் 127 வரை போகும். அக்கம்பக்கத்துக் கட்டைகள் அறுபது எழுபது என்று காட்ட, எஃப் மட்டும் எவ்வளவு மெதுவாகத் தொட்டாலும் 127. அண்ணாச்சியிடம் அதையும் காட்டினேன். "இது என்னப்பா நம்பரு?" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் கையை அடக்கச் சொன்னார்.

உள்ளே நடப்பது இதுதான். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு ரப்பர் குமிழ், அதற்குள் இரண்டு கரிப் பொட்டு. அழுத்தும்போது ஒன்று முதலிலும் மற்றது ஒரு நொடியின் சிறு துணுக்கு கழித்தும் சர்க்யூட் போர்டைத் தொடும். விசை எவ்வளவு என்று கீபோர்டுக்குத் தெரியாது, இந்த இரண்டு தொடுகைக்கும் நடுவிலுள்ள நேரத்தைத்தான் அது அளக்கிறது. நேரம் குறைந்தால் சத்தம் கூடும். முதல் பொட்டில் அழுக்கு படிந்தால் அது தாமதமாகத் தொடும், இடைவெளி சுருங்கும், மெதுவாகத் தொட்டாலும் 127 அடிக்கும். இரண்டாவதில் படிந்தால் சத்தம் குறையும், சில சமயம் வரவே வராது. எங்கள் ஊர் உப்புக்காற்றில் இது நடக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

சர்வீஸ் கடையில் கட்டை செட்டையே மொத்தமாக மாற்றச் சொன்னார்கள். கேட்ட தொகைக்கு பழைய கீபோர்டு ஒன்றே வாங்கிவிடலாம். கமிட்டியில் பணம் கேட்டால் "அசனம் முடியட்டும்" என்றார்கள், அசனம் என்றால் கோவில் விருந்து. சீரியல் லைட்டுக்கும் பந்தலுக்கும் எந்தக் காலத்திலும் பணம் இல்லாமல் போனதில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன். கமிட்டிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வாசித்தாலும் நமக்கு ஒரு பிரியாணியோடு சரி, வீடியோ எடுக்க வந்தவருக்கு மட்டும் அட்வான்ஸ்.

நானே கழற்றினேன். மின்சாரத்தைத் துண்டித்து, ஸ்க்ரூக்கள் நீளம் நீளமாக வேறுபடும் என்பதால் ஒவ்வொரு படியையும் போட்டோ எடுத்துக்கொண்டு, குமிழ்கள் வரிசையாக இருக்கிற ரப்பர் பட்டையை மெல்ல உரித்து, பொட்டையும் போர்டையும் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் லேசாக நனைத்த பஞ்சு விடாத துணியால் ஒற்றி எடுத்தேன். அழுத்தித் தேய்த்தால் கரியே போய்விடும். உப்புத்தாள், தின்னர், டபிள்யூடி-40 ஸ்ப்ரே எதுவும் கிட்டே வரக்கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகு பட்டையின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கிற ரப்பர் வால்களை அதனதன் துளையில் முழுசாக இறக்குங்கள். ஒன்று தூக்கிக்கொண்டு நின்றாலும் பக்கத்துக் கட்டை கோணலாகப் பேசும்.

"தெரியாதவனைக் கழற்றச் சொல்கிறாயே" என்று யாராவது வருவார்கள். வாரண்டி இருந்தால் தொடாதீர்கள் என்றுதான் நானும் சொல்கிறேன். சுத்தியல் வைத்த 88 கட்டை டிஜிட்டல் பியானோ என்றால் பாரம் அதிகம், வேலையும் அதிகம், தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். சீரான இடைவெளி விட்டுப் பல கட்டைகள் ஒரேயடியாகச் செத்திருந்தால் அது அழுக்கு அல்ல, ஒயரிலோ சர்க்யூட் போர்டிலோ கோளாறு, துணியால் துடைத்துப் பயனில்லை. துடைத்தும் ஒரு கட்டை அடங்கவில்லை என்றால் உங்கள் மாடல் எண்ணைச் சொல்லி அந்த ரப்பர் பட்டையை மட்டும் தனியாகக் கேட்டு வாங்குங்கள். கட்டை செட் வேண்டாம்.