மைக்ரோக்ளியாவும் அமினோ அமிலங்களும்: கேள்வி பதில்

கேள்வி: மைக்ரோக்ளியா மூளையின் நோய் எதிர்ப்புச் செல் என்பது தெரியும். அமினோ அமிலம் எல்லாச் செல்லுக்கும் புரதம் கட்டத் தேவைதானே? இதன் நடத்தையை மட்டும் அது எப்படி மாற்றும்?

பதில்: புரதம் கட்டுவது அதன் பாதி வேலைதான். 1919-இல் பியோ தெல் ரியோ ஓர்த்தேகா இந்தச் செல்களைத் தனி வகையாக அடையாளம் காட்டினார். இவை நரம்புத் திசுவில் பிறந்தவை அல்ல. கருவின் மஞ்சள்கருப் பையில் (yolk sac) தோன்றி மூளைக்குள் குடியேறியவை, கிருமிகளை விழுங்கும் மாக்ரோஃபேஜுகளுக்குப் பங்காளிகள். அதனால் மாக்ரோஃபேஜிடம் உள்ள நொதிகள் பலவும் இவற்றிடம் உண்டு. ஓர் அமினோ அமிலம் உள்ளே வந்ததும் எந்த நொதி அதைப் பிடித்துக்கொள்கிறது என்பதைப் பொறுத்துச் செல்லின் போக்கு மாறும்.

ஆர்ஜினினைப் பாருங்கள். ஐநாஸ் (iNOS) நொதி பிடித்தால் நைட்ரிக் ஆக்சைடும் சிட்ருலினும் வரும். ஆர்ஜினேஸ் பிடித்தால் ஆர்னித்தினும் யூரியாவும் வரும். ஆர்னித்தினிலிருந்து பாலிஅமீன்கள் உருவாகும். ஐநாஸுக்குச் சில மைக்ரோமோலார் ஆர்ஜினின் கிடைத்தாலே போதும். ஆர்ஜினேஸுக்கு மில்லிமோலார் அளவு வேண்டும், ஆனால் அது ஓடும் வேகம் பல மடங்கு. எனவே ஆர்ஜினேஸ் நிறைய இருந்தால் இருப்பையே காலி செய்து ஐநாஸைப் பட்டினி போட்டுவிடும். பதிலுக்கு, ஐநாஸ் வினையின் நடுவில் பிறக்கும் ஹைட்ராக்சி ஆர்ஜினின் ஆர்ஜினேஸைத் தடுக்கும்.

கேள்வி: பிவி-2 என்ற எலி மைக்ரோக்ளியா வளர்ப்புச் செல்களுக்கு எல்பிஎஸ் (பாக்டீரியா உறையின் நச்சு, எண்டோடாக்சின்) கொடுத்து, நைட்ரிக் ஆக்சைடின் அடையாளமாக நைட்ரைட் அளக்கிறோம். டிஎம்இஎம் என்ற வளர்ப்பு ஊடகத்தில் ஒரு எண், ஆர்பிஎம்ஐ 1640-இல் வேறு எண். செல் ஒன்றுதான், எல்பிஎஸ்ஸும் ஒன்றுதான். எங்கே தவறு?

பதில்: தவறு என்று முடிவு கட்டுமுன் ஊடகப் புட்டியின் கலவைப் பட்டியலைப் படியுங்கள். டிஎம்இஎம்-இல் ஆர்ஜினின் ஹைட்ரோகுளோரைடு லிட்டருக்கு 84 மி.கி., அதாவது 0.4 மில்லிமோலார். ஆர்பிஎம்ஐ-இல் ஆர்ஜினின் 200 மி.கி., சுமார் 1.15 மில்லிமோலார். டிரிப்டோஃபனில் கதை தலைகீழ்: டிஎம்இஎம்-இல் 16 மி.கி., ஆர்பிஎம்ஐ-இல் 5 மி.கி. மட்டும். நீங்கள் ஒப்பிடுவது இரண்டு வேறு உணவில் வளர்ந்த செல்களை.

ஆர்ஜினினைத்தான் சோதிக்க வேண்டுமென்றால் ஆர்ஜினினும் லைசினும் இல்லாத சைலாக் வகை டிஎம்இஎம் வாங்குங்கள். லைசின் ஹைட்ரோகுளோரைடை லிட்டருக்கு 146 மி.கி. திருப்பிச் சேர்த்து, ஆர்ஜினினை 0, 20, 50, 100, 400 மைக்ரோமோலார் எனப் படிப்படியாக வையுங்கள். சாதாரண சீரத்திலேயே அமினோ அமிலங்கள் உண்டு. 10 கிலோடால்டன் சவ்வில் டயாலிசிஸ் செய்த சீரம் இல்லாவிட்டால் உங்கள் “பூஜ்ஜியம்” பூஜ்ஜியமே அல்ல. ஆர்ஜினினை ஹைட்ரோகுளோரைடு உப்பாகவே எடுங்கள். வெறும் ஆர்ஜினின் கடும் காரம், ஊடகத்தின் பிஎச்சை ஏற்றிவிடும்.

எல்பிஎஸ் 100 நானோகிராம்/மி.லி., 24 மணி நேரம் வழக்கமான அளவு. நைட்ரைட்டை நிறத்தால் அளக்கும் கிரீஸ் சோதனைக்கு 5% பாஸ்பாரிக் அமிலத்தில் 1% சல்ஃபனிலமைடும், 0.1% நாப்தைல் எத்திலீன்டைஅமீனும். 540 நானோமீட்டரில் படியுங்கள். சோடியம் நைட்ரைட் தரக்கோட்டை நீரில் போடாமல் அதே ஊடகத்தில் போடுங்கள். ஊடகத்தில் உள்ள ஃபீனால் சிவப்புச் சாயம் அளவீட்டைக் குழப்பும். நைட்ரேட்டாக மாறிய பங்கு இதில் தெரியாது என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: தொடர்ச்சியாக ஒன்று. ஆர்ஜினின் குறைத்தேன், நைட்ரைட் குறைந்தது. “மூலப்பொருள் இல்லை, அதனால் விளைபொருள் இல்லை” என்று எழுதலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். அமினோ அமிலத்துக்குத் தட்டுப்பாடு வந்தால், அதைச் சுமக்கும் டிஆர்என்ஏ சரக்கேறாமல் சேரும். அதை ஜிசிஎன்2 என்ற நொதி உணர்ந்து, புரத உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் இஐஎஃப்2-ஆல்ஃபாவில் பாஸ்பேட் ஏற்றும், புரத உற்பத்தி தணியும். அப்போது ஐநாஸ் புரதமே குறைந்திருக்கலாம்; மூளையின் துணைச் செல்களான ஆஸ்ட்ரோசைட்டுகளில் இது காட்டப்பட்டிருக்கிறது. வெஸ்டர்ன் பிளாட்டில் ஐநாஸைப் பாருங்கள். உயிர்ப்புச் சோதனை ஒன்றும் கட்டாயம்: செத்த செல்லும் நைட்ரைட் தராது. இன்னொன்று, கொறிவிலங்கு மைக்ரோக்ளியா தாராளமாக நைட்ரிக் ஆக்சைடு விடும், மனித மைக்ரோக்ளியா விடுவது அற்பம். பிவி-2 எலியினது. மனித நோயைப் பற்றி முடிவுரையில் எழுதும்போது இந்த ஒரு வரி உறுத்த வேண்டும்.

கேள்வி: ஐநாஸ் என்றால் எம்1 (அழற்சி தூண்டும் நிலை), ஆர்ஜினேஸ் என்றால் எம்2 (அழற்சி தணிக்கும் நிலை) என்று எழுதலாமா?

பதில்: வேண்டாம். 2022-இல் இத்துறையினர் பலர் சேர்ந்து வெளியிட்ட பெயரிடல் பரிந்துரையே அந்த இரட்டைப் பிரிவைக் கைவிடச் சொல்கிறது. எதை அளந்தீர்களோ அதையே எழுதுங்கள்.

கேள்வி: தூண்டிய மைக்ரோக்ளியாவின் ஊடகத்தை நியூரான்கள் மேல் ஊற்றினால் அவை சாகின்றன. காரணம் சைட்டோகைன் என்ற அழற்சிச் சைகைப் புரதமா, குளூட்டமேட்டா?

பதில்: முதல் சந்தேகம் குளூட்டமேட் மேல்தான். தூண்டப்பட்ட செல் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கக்கும். தன்னைக் காத்துக்கொள்ள அதற்குக் குளூட்டத்தயோன் வேண்டும், அதற்குச் சிஸ்டீன் வேண்டும். வெளியே கிடைப்பதோ இரண்டு சிஸ்டீன் இணைந்த சிஸ்டின். எக்ஸ்சிடி என்ற கடத்திப் புரதம் ஒரு சிஸ்டினை உள்ளே எடுத்து ஒரு குளூட்டமேட்டை வெளியே தள்ளும், ஒன்றுக்கு ஒன்று பண்டமாற்று. தற்காப்புக்கு மைக்ரோக்ளியா கொடுக்கும் விலையை நியூரான் கட்டுகிறது.

ஆனால் வளர்ப்புத் தட்டில் இது ஊதிப் பெருகும். டிஎம்இஎம்-இல் சிஸ்டின் 0.2 மில்லிமோலார், மூளைத் தண்டுவட நீரில் அதில் மிகச் சிறு பங்கே. குளூட்டமின் 4 மில்லிமோலார்; தண்டுவட நீரில் சுமார் அரை மில்லிமோலார். அந்தக் குளூட்டமினைக் குளூட்டமினேஸ் உடைத்துப் புதுக் குளூட்டமேட் செய்யும். சீரமும் தன் பங்குக்குக் குளூட்டமேட் கொண்டுவரும். ஆகவே செல் இல்லாத ஊடகத்தையும் 24 மணி நேரம் இன்குபேட்டரில் வைத்து அதன் குளூட்டமேட்டைக் கழியுங்கள்.

பிறகு நியூரான்களுக்கு எம்கே-801 கொடுத்துப் பாருங்கள். அது என்எம்டிஏ என்ற குளூட்டமேட் ஏற்பியை அடைத்ததும் அவை பிழைத்தால் விடை கிடைத்துவிட்டது. சல்ஃபாசலசின் எக்ஸ்சிடியைத் தடுக்கும், ஆனால் அழற்சி மரபணுக்களை இயக்கும் என்எஃப்-கப்பா-பியையும் தடுக்கும். அதை மட்டும் நம்பி முடிவு சொன்னால் மதிப்பீட்டாளர் விடமாட்டார். சிஸ்டின் இல்லாத ஊடகத்தில் சில மணி நேரம் வைத்துப் பார்ப்பது நேர்மையான சோதனை. நெடுநேரம் வைத்தால் குளூட்டத்தயோன் தீர்ந்து மைக்ரோக்ளியாவே சாகும்.

கேள்வி: அப்படியானால் குளூட்டமின் மைக்ரோக்ளியாவுக்குக் கெடுதலா?

பதில்: இல்லை, எரிபொருளும் அதுதான். எலி மூளைச் சீவல்களில் குளுக்கோஸை நிறுத்தினாலும் மைக்ரோக்ளியா குளூட்டமினை எரித்துத் தன் கிளைகளை அசைத்துக் காவலைத் தொடர்கிறது. ஊடகத்தில் வேறொரு தொல்லை: குளூட்டமின் 37 டிகிரியில் தானே சிதைந்து அம்மோனியா விடும். பழைய புட்டியும் புதிய புட்டியும் ஒரே முடிவைத் தராது. அலனைல்-குளூட்டமின் வடிவம் நிலையானது.

கேள்வி: அழற்சி, டிரிப்டோஃபன், மனச்சோர்வு என்று ஒரு சங்கிலி சொல்கிறார்களே?

பதில்: இண்டர்ஃபெரான்-காமா ஐடிஓ நொதியை எழுப்பும், டிரிப்டோஃபன் கைனுரெனின் ஆகும். அடுத்த திருப்பத்தில் எந்தச் செல் என்பதே முக்கியம். மைக்ரோக்ளியாவிடம் கேஎம்ஓ நொதி உண்டு, அது என்எம்டிஏ ஏற்பியைத் தூண்டும் குயினோலினிக் அமிலம் வரை கொண்டுபோகும். மனித ஆஸ்ட்ரோசைட்டிடம் அந்த நொதி இல்லாததால் அதே ஏற்பியை அடைக்கும் கைனுரெனிக் அமிலம் வரும். “செரட்டோனினுக்கு டிரிப்டோஃபன் மிஞ்சவில்லை” என்ற விளக்கம் மட்டும் போதாது.

சோதனை செய்பவர்களுக்கு ஒன்று: டிரிப்டோஃபன் உள்ள ஊடகத்தை வெளிச்சத்தில் வைத்தால் ஏஎச்ஆர் (அரைல் ஹைட்ரோகார்பன்) ஏற்பியை மிக வலுவாகத் தூண்டும் பொருள் உருவாகும். மைக்ரோக்ளியாவிடமும் அந்த ஏற்பி உண்டு. புட்டிக்கு அலுமினியப் படலம் சுற்றுங்கள்.

கேள்வி: உடற்பயிற்சிக்காகக் கிளைச்சங்கிலி அமினோ அமிலப் பொடி குடிக்கிறேன். மூளை அழற்சி குறையுமா?

பதில்: அதற்காகக் குடிக்காதீர்கள். லியூசின், ஐசோலியூசின், வாலின் மூன்றும் மிகுந்த ஊடகத்தில் எலி மைக்ரோக்ளியாவை வளர்த்தபோது எல்பிஎஸ்ஸுக்கு அது விட்ட நைட்ரிக் ஆக்சைடு குறைந்தது உண்மை. அதோடு வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் கூடின, நியூரானைக் காக்கும் ஐஜிஎஃப்-1 குறைந்தது. இதை நல்லது என்று சொல்ல முடியாது. மேலும் இரத்த-மூளைத் தடுப்பில் இம்மூன்றுக்கும் டிரிப்டோஃபனுக்கும் டைரோசினுக்கும் எல்ஏடி1 என்ற ஒரே வாசல்தான், சாதாரண நாளிலேயே அது நெரிசல். ஒன்று அதிகமாக ஏறினால் மற்றவை உள்ளே போவது குறையும். லியூசின் உடையாமல் தேங்கும் மேப்பிள் சிரப் சிறுநீர் நோயில் மூளை படும் பாடு இதன் கடைக்கோடி.

கேள்வி: பாலிஅமீன் கொடுத்ததும் செல்கள் செத்துவிட்டன. அவை நல்லவை என்றல்லவா படித்தேன்?

பதில்: கன்றுச் சீரத்தில் உள்ள அமீன் ஆக்சிடேஸ் ஸ்பெர்மின் போன்ற பாலிஅமீனை நச்சு ஆல்டிஹைடாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் மாற்றியிருக்கும். அமினோகுவானிடின் போட்டு அந்த நொதியைத் தடுப்பது வழக்கம். ஆனால் அது ஐநாஸையும் தடுக்கும், எனவே அந்தத் தட்டில் நைட்ரைட் அளக்காதீர்கள். சீரமில்லா ஊடகமே வசதி.

கேள்வி: எந்த அமினோ அமிலம் சேர்த்தாலும் என் செல்கள் டிஎன்எஃப் என்ற அழற்சிச் சைட்டோகைனை விடுகின்றன, எல்பிஎஸ் போடாமலேயே. ஏன்?

பதில்: எல்பிஎஸ் போட்டிருக்கிறீர்கள், தெரியாமல். அமினோ அமிலங்கள் பல பாக்டீரியா நொதிப்பில் தயாராகின்றன, ஈ.கோலை உட்பட. சாதாரணத் தரப் பொடியில் எண்டோடாக்சின் ஒட்டியிருக்கலாம், 0.2 மைக்ரான் வடிகட்டி அதை நிறுத்தாது. செல் வளர்ப்புத் தரம் வாங்கி, கரைசலை எண்டோடாக்சினைக் காட்டும் எல்ஏஎல் சோதனையில் பாருங்கள். எண்டோடாக்சினைப் பிடித்து முடக்கும் பாலிமிக்சின்-பி சேர்த்ததும் டிஎன்எஃப் விழுந்தால் அந்தப் புட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.