கர்சர் தானாக நகர்வது, 90 சதவீத அடி தவறுவது: எது பழுது, எது கேமின் விதி?

கேள்வி: நின்டெண்டோ ஸ்விட்ச், ஸ்டீம் டெக் என்ற இரண்டு கேம் கருவிகளிலும் மாறி மாறி ரோல் பிளேயிங் கேம் ஆடுகிறேன். ஸ்விட்சில் 'சரி' அழுத்திப் பழகிய விரல் ஸ்டீம் டெக்கில் 'ரத்து' அழுத்திவிடுகிறது. ஸ்விட்சில் மெனுவைத் திறந்தால் கர்சர் தானாகக் கீழே இறங்குகிறது. அதிலேயே கேம் பாய் அட்வான்ஸ் காலத்து ஃபயர் எம்பளம் (முறை வைத்து ஆடும் போர் கேம்) ஆடும்போது, 90 சதவீதம் என்று காட்டிய அடி தவறியது. நிறுத்திவைத்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கினாலும் அதே அடி அதே மாதிரி தவறுகிறது. கருவியை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். மூன்றில் கர்சர் இறங்குவது மட்டும்தான் பழுது. அதையும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

மெனுவைத் திறந்து, கையை ஸ்டிக்கிலிருந்து (கட்டைவிரலால் அசைக்கும் குமிழ்) முழுவதும் எடுத்துவிட்டுப் பாருங்கள். சும்மா இருக்கும்போதே கர்சர் ஓடினால் அது டிரிஃப்ட். ஸ்டிக்கைச் சட்டென்று விட்டால் மட்டும் கர்சர் ஒரு படி எதிர்ப்பக்கம் போகிறது என்றால் கதை வேறு. ஸ்பிரிங் ஸ்டிக்கை நடுவுக்குத் தள்ளும்போது அது நடுவைத் தாண்டிக் கொஞ்சம் மறுபக்கம் போய்த்தான் நிற்கும். கேம் அதை ஓர் அழுத்தலாக எடுத்துக்கொள்கிறது. இதற்கு மருந்து எதுவும் தேவையில்லை. மெனுவில் திசை பட்டன்களைப் பயன்படுத்தினால் போதும்.

டிரிஃப்ட்தான் என்றால், சிஸ்டம் செட்டிங்ஸில் 'கன்ட்ரோலர்ஸ் அண்ட் சென்சார்ஸ்' போய், 'கேலிப்ரேட் கன்ட்ரோல் ஸ்டிக்ஸ்' திறந்து, சந்தேகப்படும் ஸ்டிக்கை உள்ளே அழுத்துங்கள். திரையில் வட்டம் வரும். ஸ்டிக்கை விளிம்புவரை ஒரு சுற்றுச் சுற்றி விடுங்கள். இப்படி நாலைந்து முறை. விடும் ஒவ்வொரு முறையும் குறி நடுவுக்கு வர வேண்டும். எப்போதும் ஒரே இடத்தில், நடுவிலிருந்து கொஞ்சம் விலகி, அசையாமல் நின்றால் கேலிப்ரேஷன் (ஸ்டிக்கின் நடுவைக் கருவிக்கு மறுபடி பழக்குவது) செய்தாலே சரியாகிவிடும். குறி நடுங்கினாலோ, ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றாலோ கேலிப்ரேஷன் இரண்டு நாள் தாங்கும், அவ்வளவுதான்.

காரணம் உள்ளே இருக்கிறது. ஸ்டிக்கின் அடியில் கார்பன் பூசிய தடமும், அதன்மேல் உரசிக்கொண்டே நகரும் சின்ன உலோக முனையும் உண்டு. உரசி உரசித் தடம் தேயும், தேய்ந்த தூள் அங்கேயே தங்கும், அளவீடு தப்பும். கருவியை அணைத்து, ஸ்டிக்கின் அடியில் உள்ள ரப்பர் மடிப்பைத் தூக்கி, 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஒரு சொட்டு விட்டு, ஸ்டிக்கை நன்றாகச் சுழற்றி, முழுவதும் காய்ந்த பிறகு போடுங்கள். தூள்தான் காரணம் என்றால் குணமாகும். தடமே தேய்ந்திருந்தால் ஸ்டிக் பாகத்தை மாற்றுவதுதான் வழி. மாற்றுவது என்று முடிவானால் ஹால் எஃபெக்ட் வகை வாங்குங்கள். அது காந்தத்தை வைத்து அளப்பது, உரசல் இல்லை.

ஸ்டீம் டெக்கில் இதே தொல்லை வந்தால் ஒரு சலுகை உண்டு: டெட் ஸோனைக் கூட்டலாம், அதாவது நடுவைச் சுற்றி 'இதற்குள் அசைந்தால் கணக்கில் எடுக்காதே' என்ற பகுதியை. துப்பாக்கிச் சண்டை கேமில் அது குறி வைப்பதைக் கெடுக்கும். முறை வைத்து ஆடும் கேமில் தாராளமாகக் கூட்டலாம், ஒன்றும் கெடாது.

பட்டன் குழப்பத்துக்கு வருவோம். நின்டெண்டோ வலப்பக்கப் பட்டனை ஏ என்கிறது, கீழ்ப் பட்டனை பி என்கிறது. எக்ஸ்பாக்ஸ் வழியில் வந்த ஸ்டீம் டெக்கில் இது தலைகீழ். ஸ்விட்சிலும் பட்டனை மாற்றலாம். 2020-இல் வந்த 10.0.0 சிஸ்டம் மென்பொருள் பதிப்பிலிருந்து அந்த வசதி உண்டு. ஆனால் அங்கே மாற்றினால் ஹோம் திரை உட்பட எல்லாக் கேமுக்கும் மாறும். ஸ்டீம் டெக்கில் கேம் வாரியாக மாற்றலாம் என்பதால் அங்கே மாற்றுவதே நல்லது. கேமின் பக்கத்தில் கன்ட்ரோலர் படத்தைத் தொட்டு, லேஅவுட்டில் ஏ-யையும் பி-யையும் இடம் மாற்றுங்கள். கூடவே எக்ஸ், ஒய் இரண்டையும் மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த தடுமாற்றம் அங்கேதான். திரையில் வரும் பட்டன் படம் மட்டும் பழையபடியே இருக்கும். கேமின் உள்ளேயே மாற்றும் வசதி இருந்தால் அதையே எடுங்கள், பெரும்பாலும் படமும் சேர்ந்து மாறும். இரண்டு இடத்திலும் மாற்றினால் ஒன்றை ஒன்று ரத்து செய்து, ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்பீர்கள்.

இனி அந்த 90 சதவீதம். இதில் பழுது ஏதும் இல்லை, உண்மையில் கேம் உங்கள் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. நின்டெண்டோவின் பழைய கைக்கருவியான கேம் பாய் அட்வான்ஸில் வந்த ஃபயர் எம்பளம் கேம்கள் ஓர் அடிக்கு 0 முதல் 99 வரை இரண்டு எண்களை எடுத்து, அவற்றின் சராசரி காட்டிய சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அடி படும் என்று வைத்திருக்கின்றன. இரண்டு எண்ணும் ஒருசேரப் பெரிதாக வருவது அரிது. அதனால் 90 என்று காட்டுவது நிஜத்தில் 98.1 சதவீதம், 80 என்பது 92.2. எதிரியின் 20 சதவீத அடி உங்கள்மேல் படும் வாய்ப்பு 8.2 மட்டுமே. பெரிய அடி எனப்படும் கிரிட்டிகலுக்கு மட்டும் ஒரே எண்தான்: அங்கே 3 என்றால் 3. உங்களுக்கு நேர்ந்தது அந்த 1.9 சதவீதம்.

திரும்பத் தொடங்கினாலும் தவறுவது ஏன்? இந்தக் கேம்களில் எண்கள் ஒரு வரிசையாக வருகின்றன. நிறுத்திவைக்கும்போது வரிசையில் எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்பதும் சேர்ந்தே சேமிக்கப்படுகிறது. அதே செயலைச் செய்தால் அதே எண்கள், அதே முடிவு. வரிசையை நகர்த்துங்கள்: முதலில் வேறொரு வீரரை அடிக்கவிடுங்கள், பிறகு இவரை. சண்டையே இல்லாமலும் நகர்த்தலாம். வீரரைத் தேர்ந்தெடுத்தால் அவர் போகும் வழியை ஓர் அம்பு காட்டும் இல்லையா? கர்சரை அவர் போகக்கூடிய எல்லைக்கு வெளியே கொண்டுபோய், அவருக்கு நேர்க்கோட்டில் இல்லாத ஒரு கட்டத்துக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஒரே தூரத்தில் பல வழி இருக்கும்போது எதை வரைவது என்று தீர்மானிக்கவும் கேம் அந்த வரிசையிலிருந்துதான் எண் எடுக்கிறது.

கர்சர் தானாக ஓடும் ஸ்டிக்கை வைத்துக்கொண்டு இதைச் செய்தால் எத்தனை எண் கழிந்தது என்ற கணக்கே நிற்காது. ஸ்டிக்கை முதலில் சரிசெய்யுங்கள், அதுவரை திசை பட்டன்.