இரண்டு கையும் சேர்ந்தால் ஏன் குளறுகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வயது 43. சிறுவயதில் வாய்ப்பாட்டு, வர்ணம் வரைக்கும். இரண்டு மாதமாகப் பியானோ வகுப்புக்குப் போகிறேன். வீட்டில் சாப்பாட்டு மேஜைமேல் 61 கட்டை கீபோர்டு வைத்துப் பழகுகிறேன். ஒவ்வொரு கையாக வாசித்தால் வருகிறது. சேர்த்தால், சி-யிலிருந்து எட்டு வெள்ளைக் கட்டைகளை வரிசையாக வாசிக்கும் சி மேஜர் ஸ்கேலே குளறுகிறது. அரைமணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கிறது. இசைத்தாளில் நோட்டுக்குக் கீழே ச ரி க ம எழுதிக்கொண்டால் சுலபம். டீச்சர் அழிக்கச் சொல்கிறார். உறவினர் ஒருவர் பழைய பியானோவை இலவசமாகத் தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

எஸ்., செம்பூர், மும்பை

அன்புள்ள எஸ்.,

முதலில் மேஜையை விட்டு இறங்குங்கள். சாப்பாட்டு மேஜை சுமார் 75 செ.மீ. உயரம், மேலே கீபோர்டை வைத்தால் கட்டைகள் 85-ஐத் தொட்டுவிடும். பியானோவில் அவை 72, 73-ல் இருக்கும். அந்தப் பத்துப் பன்னிரண்டு செ.மீ.-க்காகத் தோள் தூக்கிக்கொள்கிறது, மணிக்கட்டு மடங்குகிறது. உயரம் மாற்றக்கூடிய எக்ஸ் ஸ்டாண்டு போதும். முழங்கை கட்டைகளின் மட்டத்துக்கு வரவேண்டும், பாதம் தரையில் பதியவேண்டும். உயரத்தைச் சரிசெய்த பிறகும் வலித்தால் வாசிப்பதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

ஸ்கேல் குளறுவது உங்கள் தப்பில்லை. கட்டைவிரலை 1 என்று வைத்து எண்ணுங்கள். வலது கை மேலே போகும்போது 1 2 3, பிறகு கட்டைவிரல் அடியில் நுழைந்து 1 2 3 4 5. இடது கைக்கு 5 4 3 2 1, பிறகு நடுவிரல் மேலே தாண்டி 3 2 1. ஆக, வலது கை நாலாவது நோட்டில் மாறுகிறது, இடது கை ஆறாவதில். ஒரு கை மாறும்போது இன்னொன்றும் மாறப் பார்க்கிறது, குளறுவது அங்கேதான்.

அதனால் ஒரே திசையில் போவதைக் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள். இரண்டு கட்டைவிரலையும் நடு சி-யில் (கீபோர்டின் நடுவிலுள்ள சி) வைத்து, வலது கை வலப்பக்கமும் இடது கை இடப்பக்கமுமாக விலகிப் போங்கள். இப்போது இரண்டு கைக்கும் 1 2 3 1 2 3 4 5. மாறும் இடமும் ஒன்றே. ஆள்காட்டி விரல் அழுத்தும்போதே கட்டைவிரல் உள்ளங்கைக்கு அடியில் கிளம்பியிருக்கவேண்டும். கடைசி நொடியில் நுழைத்தால் முழங்கை வெளியே தள்ளும், அந்த நோட்டு மட்டும் 'டப்' என்று சத்தமாக விழும். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள், ஒரு தட்டுக்கு ஒரு நோட்டு. இது பிசிறில்லாமல் வந்தபிறகு ஒரே திசைக்குத் திரும்புங்கள்.

பாட்டு வாசிக்கும்போது தப்பினால் ஆரம்பத்துக்கு ஓடாதீர்கள். முதல் வரி நூறு தடவை தேறும், கடைசி வரி தேறாமலே கிடக்கும். தப்பிய இரண்டு பாரை (இசைத்தாளில் நெடுக்குக் கோடுகளுக்கு இடையிலுள்ள கட்டம்) மட்டும் எடுங்கள். உங்களிடம் ஒரு சொத்து இருக்கிறது: கையில் தாளம், வாயில் பாட்டு என்று இரண்டு வேலையை ஒன்றாகச் செய்து பழகியவர் நீங்கள். இடது கையை வாசித்துக்கொண்டே வலது கைப் பகுதியைப் பாடுங்கள். பாட வந்தால் கைக்கும் சீக்கிரம் வரும்.

ச ரி க ம விஷயத்தில் டீச்சர் பக்கம்தான் நான். பாட்டில் சுருதியைச் சொல்லும் கணக்கில் ஒரு கட்டை என்பது சி, ஐந்து கட்டை ஜி, ஐந்தரை என்பது ஜி-க்கு அடுத்த கறுப்பு. இது உங்களுக்குத் தெரிந்ததே. எத்தனை கட்டையில் பாடினாலும் 'ச' கூடவே வரும்; பியானோவில் நோட்டின் பெயர் இடம்பெயராது. சி மேஜரில் ஜி-யின் கீழே 'ப' எழுதுவீர்கள். அடுத்து ஜி மேஜர் வரும். அதே கோட்டில் அதே நோட்டு 'ச' ஆகிவிடும். அதுவும் சங்கராபரணம்தான், ஆனால் நிஷாதத்துக்காக ('நி') எஃப், அதற்கு அடுத்த கறுப்பான எஃப் ஷார்ப்பாகிறது. காது அதைச் சொல்லட்டும், கண் இசைத்தாளின் ஐந்து கோடுகளைப் படிக்கட்டும்.

ஆரம்பப் பாடங்களுக்கு 61 கட்டை போதும், மெதுவாக அழுத்தினால் சத்தம் குறைவாக ஒலிக்கிற வகையாக இருந்தால். பிறகு வாங்குவதானால் கனமான கட்டைகளுள்ள 88-ஐ வாங்குங்கள்.

இலவசப் பியானோவை ஏற்றிவர டெம்போ வண்டி பேசுவதற்கு முன், பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் ட்யூனரை அங்கேயே அழைத்துப்போய்க் காட்டுங்கள். மும்பை மழையில் கட்டைகள் ஊறி ஒட்டிக்கொள்வதைச் சரிசெய்யலாம். கம்பியை இழுத்துப் பிடிக்கும் ஆணிகள் மரத்தில் தளர்ந்திருந்தால் சுருதி நிற்காது, செலவும் பெரிது. நிமிர்ந்து நிற்கும் வகையே சுமார் 200 கிலோ இருக்கும். உங்கள் கட்டட லிஃப்டில் நுழையுமா என்று டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்.