சிப்பி அறுவடை: சித்திரையிலா, ஆனியிலா?

கேள்வி: குளச்சல் பக்கம் கடலில் மிதவை கட்டி 40 கயிற்றில் சிப்பி வளர்க்கிறேன். கார்த்திகை பிறந்ததும் விதை (சிப்பிக் குஞ்சு) கட்டினேன். இப்போது பங்குனி பாதி, சிப்பி இரண்டு அங்குலம் வந்திருக்கிறது. ஜூனில் விசைப்படகுத் தடை வந்ததும் மீன் குறையும், அப்போது எடுத்தால் நல்ல விலை என்கிறார் வியாபாரி. மகனோ, ஆங்கில மாதப் பெயரில் 'ஆர்' எழுத்து இருந்தால்தான் சிப்பி தின்னலாம், மே முதல் ஆகஸ்ட் வரை கூடாது என்று படித்திருக்கிறான். யார் சொல்வதைக் கேட்பது? உடைத்துப் பார்த்ததில் சில சிப்பியில் சதை வெள்ளையாகவும், சிலதில் செங்கல் நிறமாகவும் இருக்கிறது. படம் அனுப்பியிருக்கிறேன். இது நோயா?

பதில்: படத்தைப் பார்த்தேன், நோய் இல்லை. வெள்ளை ஆண், செங்கல் நிறம் பெண். நான் கவனித்தது வேறொன்றை. சதை ஓட்டின் விளிம்பு வரை திரண்டு, வெட்டிய இடத்தில் தண்ணீர் வடியாமல் நிற்கிறது. சிப்பி ஏறக்குறையத் தயார். சித்திரை முதல் தேதி தொடங்கி, வைகாசி பிறக்குமுன் எடுத்து முடித்துவிடுங்கள்.

ஆனி வரை காத்திருந்தால் நட்டம் உங்களுக்குத்தான். நம் பழுப்புச் சிப்பி தென்மேற்குப் பருவமழையை ஒட்டித்தான் முட்டையும் விந்தும் கடலில் விடும். இப்போது சதை இவ்வளவு கொழுத்திருப்பது அதற்காகச் சேர்த்த சேமிப்பால். விட்டு முடித்த சிப்பியை உடைத்தால் ஓடு அதே அளவில் இருக்கும், உள்ளே கண்ணாடித்தாள் மாதிரி மெலிந்த சதையும் தண்ணீரும்தான். ஓட்டோடு எடை போடும் இடத்தில் அது தெரியாது, வாங்கியவர் வீட்டு அடுப்பில் தெரிந்துவிடும். அடுத்த வருடம் உங்களிடம் வரமாட்டார்.

கடலும் விடாது. நன்றாக விளைந்த கயிற்றில் மீட்டருக்கு 10 கிலோ வரை தொங்கும். ஆனி, ஆடி அலையில் மிதவை ஆட ஆட, சிப்பி கயிற்றைப் பற்றியிருக்கும் நூல்பிடி விட்டுக் கொத்துக் கொத்தாக அடியில் போய்விடும். தொடக்க காலத்தில் உங்களைப் போலவே விலைக்கு ஆசைப்பட்டு 12 கயிற்றை ஆனி வரை விட்டு வைத்தேன். மூன்றில்தான் சிப்பி மிஞ்சியது, மற்றவை வெறும் கயிறாக வந்தன.

தடைக்கால விலைதான் வேண்டும் என்றால் ஒரு பங்கைச் சித்திரையிலேயே அவித்து, சதையை மட்டும் உறைபெட்டியில் வையுங்கள். ஊறுகாய் போடுகிறவர்கள் சதையாகக் கொடுத்தால் விரும்பி வாங்குவார்கள். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் உங்கள் கையில் சரக்கு இருக்கும்.

மகன் படித்தது ஐரோப்பியர் கணக்கு. அங்கே அந்த மாதங்கள் கோடை, ஓட்டுயிர்கள் முட்டை விடும் காலம், வெயிலில் சீக்கிரம் கெடும். அவர்களுக்கு அது பொருந்தும். நமக்கு மே முதல் பாதியில் கிடைப்பது முதல் தரச் சிப்பி, அதில் 'ஆர்' இல்லை. செப்டம்பரில் 'ஆர்' இருக்கிறது. ஆனால் 1997 செப்டம்பரில், உங்களுக்கு வடக்கே கேரளத்து விழிஞ்ஞத்தில் இதே பழுப்புச் சிப்பியைத் தின்று 7 பேர் இறந்தார்கள், 500-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். சிப்பி கடல்நீரை வடிகட்டித் தின்னும் உயிர். தண்ணீரில் நச்சு நுண்பாசி பெருகினால் அந்த நஞ்சு அதன் சதையில் சேரும், சிப்பிக்கு ஒன்றும் ஆகாது. அவித்தாலும் பொரித்தாலும் நஞ்சு போகாது, மணத்திலும் ருசியிலும் தெரியாது. தின்ற பிறகு உதடும் விரல்நுனியும் மரத்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். கடல் நிறம் மாறியிருக்கும் நாளில் அறுவடையை நிறுத்துங்கள். நிறம் மாறாமலும் நஞ்சு இருக்கலாம் என்பதால், தென்மேற்கு மழைக்காலத்திலும் அது முடிந்த கையோடும் நான் சிப்பி தின்பதில்லை.

எடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். மேல், நடு, அடி என்று மூன்று இடத்திலிருந்து ஒரு கிலோ பறித்து, அவித்து, சதையை மட்டும் நிறுங்கள். கால் கிலோவுக்குக் குறையாவிட்டால் எடுக்கலாம். குறைந்தால் பத்து நாள் கழித்து மறுபடி பாருங்கள். பறித்ததை ஒரு நாள் சுத்தமான கடல்நீரில் போட்டு வைத்தால் மணலும் கிருமியும் பெரும்பாலும் போகும். நான் சொன்ன பாசி நஞ்சு அதனால் போகாது. வாய் திறந்திருப்பதைத் தட்டிப் பாருங்கள், மூடாவிட்டால் தூக்கிப் போடுங்கள்.

அடுத்த முறை விதையை ஐப்பசியிலேயே கட்டிவிடுங்கள், இந்த இழுபறி வராது. தென்மேற்கு மழை ஓய்ந்து பாறையில் ஒட்டிய குஞ்சு அப்போது ஓரங்குலம் வந்திருக்கும். மீட்டருக்கு அரை முதல் முக்கால் கிலோ போதும். பருத்திக் கொசுவலைத் துணியால் சுற்றித் தையுங்கள். இரண்டு மூன்று நாளில் குஞ்சு நூல் விட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொள்ளும், துணி தானாக மக்கிப் போகும். நைலான் வலையால் சுற்றினால் அது மக்காது, குஞ்சு உள்ளேயே நெருங்கிச் சாகும்.